தறியில்லா நெசவு

"இரண்டு முகக்காரன்" என்று ஒருவனைப் பற்றி ஊரில் பேச்சு எழுந்துவிட்டால், அவனுக்குக் கடன் கொடுக்கிறவர் யோசிப்பார். பெண் கொடுக்கிறவர் இன்னும் அதிகமாக யோசிப்பார். ஆனால் ஆறு முகம் படைத்த பெருமானுக்கோ திருத்தணியில் மலை மேல் கோயில் எழுப்பி, வருஷத்தின் நாட்களைப்போல் 365 படிகள் ஏறிப்போய் வணங்குகிறோம். ஒரு முகம் நல்லது, ஆறு முகம் மிக நல்லது, இரண்டு முகம் மட்டும் ஆகாது என்பது என்ன நியாயம் என்று நமக்கு நெடுநாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. இரண்டு முகத்தின் சார்பில் வக்காலத்து வாங்க இந்த வாரம் ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது.

திருத்தணியில் தரிசனம் முடித்துக்கொண்டு அம்மையார்குப்பம் வரையில் போய் வந்தோம். திருவள்ளூர் ஜில்லாவில், ஆந்திர எல்லைக்கு அருகில் இருக்கும் நெசவாளர் ஊர் அது. தெருவில் கால் வைக்கும்போதே தறிச் சத்தம் எதிர்கொண்டு அழைக்கிறது. விசைத்தறியின் இரைச்சல்தான் முன்னே வந்து நிற்கிறது. கைத்தறியின் நிதானமான தாளத்தை அதன் நடுவே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாம் போய் உட்கார்ந்த திண்ணை, கைத்தறியை இன்னும் விடாத ஒரு பெரியவருடையது. உள்ளே அவர் மருமகள் பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"கட்டி தட்டாமல் கிண்டு, அம்மா" என்று பெரியவர் திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"நேற்றைக்கா கிண்ட ஆரம்பித்தேன், மாமா?" என்று பதில் வந்தது. தொடர்ந்து தெலுங்கில் ஏதோ சொன்னாள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அதை மொழிபெயர்த்துச் சொல்லும்படி நாம் கேட்கவில்லை.

கஞ்சி ஏறாத நூல் தறியில் உராய்ந்து அறுந்துபோகும். அளவுக்கு மீறி ஏறினால் விறைத்துப்போய் அறுந்துபோகும் என்றார் பெரியவர். நமக்கோ மனம் வேறு ஒரு கஞ்சியில் இருந்தது. ரயிலில் வரும்போது வாசித்துக்கொண்டு வந்த விஷயம் அது. நெசவாளி இல்லாமல், தறி இல்லாமல், நாடா ஓடாமல், தண்ணீருக்குள் சிறு சிறு உருண்டைகள் தாமே கூடி ஒரு பின்னலாக அமைந்துவிட்ட படம் நம் கைபேசியில் இருந்தது. அதைப் பெரியவரிடம் காட்டலாமா, வேண்டாமா என்று தயங்கினோம். தறியை நம்பிப் பிழைக்கிறவரிடம் போய், 'தறியே வேண்டாமாம்' என்று ஒரு செய்தியை நீட்டுவது மரியாதையாகுமா? விசைத்தறி வந்தபோது பட்ட அடியே இன்னும் ஆறியிராதே! கடைசியில் காட்டத்தான் செய்தோம். அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன், படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

சர்க்கரையைத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறைகிறது. மணலைப் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், கரையாமலும் படியாமலும் நீரில் மிதந்து திரியும் ஒரு கூட்டம் உண்டு. பால், எழுதும் மசி, ஆற்றின் கலங்கல், நமது உடம்பில் ஓடும் ரத்தம், நெசவாளர் வீட்டுக் கஞ்சி எல்லாம் ஏறக்குறைய இந்த ஜாதி. 1861-இல் தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து ரசாயன அறிஞர், பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'கூழ்மம்' என்கிறோம். கூழிலிருந்து பிறந்த பெயர். பெயர் வைத்தவர் யாரோ, அவர் அடுப்படியை அறிந்தவராகவே இருக்கவேண்டும்.

இத்துகள்கள் மிகச் சிறியவை. பெரிய துகளே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதை ஒரு மைக்ரான் என்பார்கள். தலைமயிர் ஒன்றின் குறுக்கே அப்படி ஐம்பது முதல் நூறு துகள்களை வரிசையாக நிறுத்தலாம். இவை ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நீரின் அணுத்திரள்கள் நாலா பக்கமும் மோதுவதால் இடைவிடாது துடித்துக்கொண்டே இருக்கும். 1827-இல் ராபர்ட் பிரௌன் மைக்ராஸ்கோப்பில் கண்ட இந்த ஆட்டத்துக்கு 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குச் சொன்னார். பிரான்ஸ் தேசத்து ழான் பெரன் அதை அளந்து மெய்ப்பித்து 1926-இல் நோபல் பரிசு பெற்றார். அணு என்று ஒன்று உண்டா என்று சந்தேகித்தவர்களின் வாயை அடைத்தது இந்தத் துடிப்புத்தான்.

இப்படி ஆடித் திரியும் துகள்கள் ஒன்றோடொன்று ஏன் ஒட்டிக்கொள்வதில்லை? பாலில் மிதக்கும் புரதத் துகள்கள் மேற்புறத்தில் ஒரேவிதமான மின்னேற்றம் உடையவை; ஆகையால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. எலுமிச்சம்பழச் சாறு நாலு துளி விழுந்தால் அந்தத் தள்ளுதல் ஓய்ந்துவிடுகிறது. பிறகு கேட்பானேன்! எல்லாத் துகளும் எல்லாத் துகளோடும் எந்தப் பக்கம் அகப்பட்டாலும் ஒட்டிக்கொள்கின்றன. பால் திரிந்துபோகிறது. இதைக் கவனிக்கவேண்டும்: சுற்றிலும் ஒரே முகமாக இருக்கிற துகளுக்கு யாரைச் சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்ற விவஸ்தை கிடையாது. சேராதிருந்தால் தனியே திரியும். சேர்ந்தால் பெரும்பாலும் கட்டிதான்.

சோப்பு வேறு விதம். சோப்பின் ஒவ்வோர் அணுத்திரளுக்கும் தலை ஒன்று, வால் ஒன்று. தலை தண்ணீரை விரும்பும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது. நீரில் போட்டதும் சில பத்து திரள்கள் கூடி, வால்களை உள்ளே ஒளித்துக்கொண்டு தலைகளை வெளியே நீட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிடுகின்றன. எண்ணெய்ப் பிசுக்கை அந்த வட்டத்தின் நடுவில் ஒளித்துத்தான் சோப்பு நம் சட்டையைச் சுத்தம் செய்கிறது. யாரும் அவற்றை உட்காரவைக்கவில்லை. ஒரு பக்கம் வேண்டும், மறுபக்கம் வேண்டாம் என்ற குணம் ஒன்றே போதுமாயிருந்தது.

அணுத்திரள் செய்வதைச் சற்றுப் பெரிய உருண்டையைக்கொண்டும் செய்விக்கலாமே என்று பிரான்ஸ் தேசத்தில் கஸாக்ராந்த், வெய்ஸியே என்ற இருவருக்கு 1980-களின் இறுதியில் தோன்றிற்று. கண்ணாடி மணிகளை ஒருவகை வார்னிஷில் பாதி புதைத்து, வெளியே தெரிந்த பாதிக்கு மட்டும் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஏற்றி, பிறகு வார்னிஷைக் கரைத்துவிட்டார்கள். ஒரு பாதியில் தண்ணீர் பரவும். மறு பாதியில் தாமரை இலையைப்போல் உருண்டு ஓடும். வாசலின் உள்ளும் புறமும் ஒரே சமயத்தில் நோக்கும் ரோமாபுரித் தெய்வமான ஜானஸின் பெயரையே அம்மணிகளுக்கு வைத்தார்கள். ஜனவரி மாதத்துக்குப் பெயர் கொடுத்த அதே தெய்வம். 1991-இல் பியேர் ழீல் தெ ழேன் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றபோது, தமது பேருரையில் இந்த மணிகளைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னார். எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் இவை நெருங்கி நின்றால், இடையில் உள்ள சந்துகள் வழியே மூச்சு விடக்கூடிய ஒரு தோலாக அமையும் என்பது அவர் கருத்து.

எல்லையில் நிற்பது இரு முகம் உடையவற்றுக்கே உரிய சாமர்த்தியம். ஒரு முகம் எண்ணெயைப் பார்க்கும், ஒரு முகம் தண்ணீரைப் பார்க்கும். ஒரே முகமுள்ள துகளைக் காட்டிலும் இவை மூன்று மடங்கு வரை உறுதியாக அங்கே நிற்கும் என்று இங்கிலாந்தில் பிங்க்ஸ், பிளெட்சர் என்ற இரு அறிஞர்கள் 2001-இல் கணக்கிட்டார்கள். அம்மையார்குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்து, மாமனாரிடம் தமிழிலும் அடுத்த வீட்டில் தெலுங்கிலும் பேசும் மருமகளைக் கேட்டுக்கொண்டிருந்த நமக்கு இது விளங்கச் சிரமமாக இல்லை. திருத்தணி ஆந்திரத்தில் சேர்ந்திருந்து 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. சர்க்கார் கோட்டை எங்கே கிழித்தாலும், எல்லையில் வாழ்கிறவர்கள் இரண்டு பக்கமும் முகம் வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

இனிப் படத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் ஸ்டீவ் கிரானிக் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளை எடுத்துக்கொண்டார்கள். கவிழ்த்து வைத்த பானைகளின் மேல் சுண்ணாம்பு தெளித்தால் மேற்பாதி மட்டும் வெளுப்பதுபோல, ஒரே அடுக்காகப் பரப்பிய உருண்டைகளின் மேல் உலோக ஆவியைப் படியவிட்டால் மேற்புறத்தில் மட்டும் பூச்சு ஏறும். பாதி பூசிய உருண்டைகள் உப்புக் கலந்த நீரில் மூன்று வரிசையாக ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறாகத் தாமே திரண்டன. நூல் முறுக்குகிற வேலை முடிந்தது. அடுத்தது நெசவு.

இம்முறை உருண்டைகளைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் பூசினார்கள். ஆக, தலையில் ஒரு தொப்பி, காலில் ஒரு தொப்பி. அவ்விரு தொப்பிகளுக்கும் தண்ணீர் ஆகாது. இடுப்பில் ஓடும் பட்டையோ மின்னேற்றம் உடையது; பிறரைத் தள்ளும். சுத்தமான நீரில் போட்டபோது உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு திரிந்தன. ஒரு சிட்டிகை உப்பு என்று சொல்லத்தக்க அளவு சேர்த்ததும் தள்ளுதல் தணிந்தது. தொப்பியும் தொப்பியும் தேடிக்கொண்டன. தொப்பியின் அகலத்தை அளந்து பூசியிருந்ததால் ஒவ்வொரு தொப்பியிலும் இரண்டு அண்டைவீட்டாருக்குத்தான் இடம். மூன்று பேர் கூடினால் ஒரு முக்கோணம். தலைப்பக்கத்து முக்கோணமும் கால்பக்கத்து முக்கோணமும் தொடர்ந்து தொடர்ந்து, நடுநடுவே ஆறு மூலைக் கண்கள் திறந்த ஒரு விரிப்பு பாத்திரத்தின் அடியில் பரவிவிட்டது. 2011-இல் வெளியான செய்தி இது.

அந்த மாதிரிப் பின்னலுக்கு விஞ்ஞானிகள் 'ககோமே' என்ற பெயரை வழங்குகிறார்கள். ஜப்பானிய பாஷையில் 'ககோ' என்றால் கூடை. 'மே' என்றால் கண். மூங்கில் சிம்புகளை மூன்று திசையில் ஓட்டி முடையும் கூடையின் கண். 1951-இல் ஜப்பானியப் பௌதிக சாஸ்திரிகள் அணுக்களின் ஒரு வகை அமைப்பைக் கணக்கிட்டபோது கூடைக்காரரிடமிருந்து அந்தப் பெயரை இரவல் வாங்கினார்கள். இதுவரை அவர்கள் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இதில் உப்பின் பங்கு நம்மவர் ஒருவரை நினைவூட்டுகிறது. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் லண்டனில் கூழ்மங்களையும் எண்ணெய்க் கலவைகளையும் ஆராய்ந்து 1921-இல் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அவர் 1924 முதல் 1940 வரை லாகூரில் பேராசிரியராக இருந்த காலத்தில், ராவல்பிண்டிப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டிய ஆங்கிலக் கம்பெனிக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. துளை போடும்போது உள்ளே செலுத்தும் சேறு, பூமிக்குள் இருந்த உப்பு நீர் பட்டதும் உறைந்து கல்லாகிவிடும். களிமண் துகளும் ஒருவகையில் இரு குணம் உடையதுதான். தட்டையான முகத்தின் மின்னேற்றம் வேறு, விளிம்பின் மின்னேற்றம் வேறு. உப்பு வந்து தள்ளுதலைத் தணித்தால், அளந்து பூசாத அந்தத் துகள்கள் கண்டபடி பிணைந்துகொள்ளும். பட்நாகர் இதைக் கண்டு ஓர் இந்தியப் பிசினைச் சேறில் கலக்கச் சொன்னார். சேறு இளகிற்று; உப்புக்கும் அசையவில்லை. கம்பெனியார் மகிழ்ந்து 1,50,000 ரூபாய் அளித்தார்கள். அந்தக் காலத்து ஒன்றரை லட்சம்! அத்தொகை சர்வகலாசாலை மூலமாக ஆராய்ச்சிக்கே செலவாயிற்று. 1942-இல் அமைந்த விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸிலுக்கு முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. ஆட்சி அந்நியருடையதாயிருந்த நாளில் அவர்களுடைய கிணற்றை நம் நாட்டு மரத்தின் பிசின் காப்பாற்றியது என்பதை எண்ணும்போது சிறிது கர்வம் வருகிறது. வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த வழி அற்றுப்போகவும் இல்லை. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் 1973 முதல் 1988 வரை பணியாற்றிய அஜய் சூட், நீரில் மிதக்கும் சிறு உருண்டைகள் படிகம்போல் அணிவகுப்பதை ஆராய்ந்தவர். 2022-இல் மத்திய சர்க்காரின் முதன்மை விஞ்ஞான ஆலோசகராக நியமனம் பெற்றார். சென்னை கிண்டியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் முகம் மாறுபட்ட துகள்கள் எப்படிச் சேர்கின்றன என்று ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கிற வாசகர்களுக்கு ஒன்று சொல்லலாம். பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக உள்ள சின்ன மணிகளை எண்ணெயில் மிதக்கவிட்டு ஒரு மெல்லிய தகட்டில் பரப்பி, மின்சாரத்தால் புரட்டிப் புரட்டி எழுத்துக் காட்டும் 'மின் காகிதம்' ஒன்றை நிக் ஷெரிடன் என்பவர் 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் செய்தார். ஒரே தாளை அழித்து அழித்து எழுதலாம். வியாபாரம் நிலைக்காமல் 2005-இல் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். பத்திரிகை நடத்துகிற நமக்கு அதைக் கேட்டு வருத்தமா, ஆறுதலா என்று சொல்ல இயலவில்லை.

இப்பொழுது பெரியவர். கதையை இவ்வளவு விஸ்தாரமாக அல்ல, நமக்குத் தெரிந்த மட்டில் சொல்லிப் படத்தை நீட்டினோம். கைபேசியை வாங்கி, கையைத் தூரத்தில் வைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தறி இல்லை என்கிறீர்கள்?"

"இல்லை, ஐயா."

"மிதிக்கிறவன், நாடா தள்ளுகிறவன்?"

"யாரும் இல்லை. தண்ணீரே குலுக்கிக் குலுக்கிச் சேர்த்துவிடுகிறது. தப்பாக ஒட்டினது குலுக்கலில் கழன்றுவிடும். சரியாக ஒட்டினது நிற்கும். உப்பு மட்டும் அளவு மீறக்கூடாது. மீறினால் பிடி இறுகிப்போய்த் தப்பாக ஒட்டினதும் கழலாமல் கட்டியாகிவிடும்."

"கஞ்சி மாதிரிதான்" என்றார். பிறகு, "இந்த உருண்டைக்கு மேலேயும் கீழேயும் பூச்சுப் பூசினது யார்?" என்று கேட்டார்.

"விஞ்ஞானிகள்தான்."

"ஒவ்வொன்றுக்குமா?"

"ஒவ்வொன்றுக்கும்."

பெரியவர் சிரித்தார். "அப்புறம் என்ன தறி இல்லை என்கிறீர்கள்! ஒரு சேலையில் முக்கால் வேலை தறியில் ஏறுகிறதற்கு முன்னாலேயே முடிந்துபோகிறது, ஐயா. சாயம் தோய்க்கிறோம், பாவு ஓட்டுகிறோம், கஞ்சி போட்டுப் பாவாற்றியால் இழுக்கிறோம், இழைக்கு இழை எடுத்துப் பிணைக்கிறோம். அதெல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் தறி சொன்னபடி கேட்கும். இவர்கள் அந்த வேலையை உருண்டை மேலேயே செய்துவிட்டார்கள். தறியைத் தண்ணீருக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கூலி வேலை எங்கும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது."

நாம் தயங்கித் தயங்கிக் கேட்டோம்: "விசைத்தறி வந்தபோதும் இப்படித்தான் இடம் மாறிற்று என்று சொல்வீர்களா?"

அதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. தெருவின் இரைச்சலைச் சிறிது கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது இடம் மாறினது. எங்களிடமிருந்து மாறினது" என்றார்.

மருமகள் கஞ்சிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து மாமனாரின் தோளுக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்தாள். கட்டி தட்டவில்லை என்பதை நாம் நேரிலேயே பார்த்துக்கொண்டோம். பெரியவர் கைபேசியைத் திருப்பித் தர மனமில்லாதவராய், பின்னலின் ஓரத்தில் ஓர் உருண்டை விட்டுப்போய் வரிசை கோணியிருந்த இடத்தை நகத்தால் தொட்டார். அத்தனை நேரமும் அந்தப் படத்தை வைத்திருந்த நம் கண்ணில் அது படவில்லை.

"இங்கே ஓர் இழை விட்டுப்போயிருக்கிறது, பார்த்தீர்களா?" என்றார்.